பின் ஹவுசிங் ஆயில்: பழைய எஸ்யூவியில் நாமே மாற்றுவதற்கான முழு வழிகாட்டி

2021 நவம்பர் வெள்ளம் வடிந்த மறுவாரம், குமரி மாவட்டம் குலசேகரத்தில் வீட்டு முற்றத்தில் வைத்து என் பொலிரோவின் பின் ஹவுசிங்கில் (பின் ஆக்சிலின் நடுவில் கியர்கள் இருக்கும் கூடு), ஆயிலை இறக்கும் டிரெயின் பிளக்கை மெல்லத் தளர்த்தினேன். முதலில் இறங்கியது ஆயில் இல்லை. தெளிந்த தண்ணீர், ஒரு சாயா கிளாஸ் அளவுக்கு இருந்தது. அது தீர்ந்த பிறகுதான் ஆயில் வந்தது, அதுவும் பால் சாயா நிறத்தில். அதற்கு முந்தைய நாள்கூட அந்த வண்டியில் மார்த்தாண்டம் போய் வந்திருந்தேன். ஒரு இரைச்சல் இல்லை, ஒரு அதிர்வு இல்லை. கடைசியாக ஆயில் மாற்றி 12,000 கி.மீ. கூட ஓடவில்லை.

அன்றிலிருந்து நான் கிலோமீட்டரை மட்டும் பார்த்து ஹவுசிங் ஆயில் மாற்றுவதில்லை. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நம் மாவட்டத்தை நனைக்கின்றன. மழையைக் கணக்கில் எடுத்தால்தான் சரியாக வரும். வண்டியின் கையேட்டில் 40,000 கி.மீ. என்று போட்டிருக்கலாம். அது தண்ணீரில் இறங்காத வண்டிக்கான கணக்கு. மோதிரமலை, குற்றியாறு பக்கம் தரைப்பாலத்தைக் கடந்து போகிறவர்களும், மழைக்காலத்தில் வயல் நடுவே உள்ள சாலையில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிறவர்களும், டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ ஒரு முறை ஹவுசிங்கைத் திறந்து பார்க்க வேண்டும். இந்த வேலையைப் பெரிய செலவில்லாமல் வீட்டிலேயே செய்யலாம். எப்படி என்று முழுதாகச் சொல்கிறேன்.

பொலிரோ, ஸ்கார்பியோ, டாடா சுமோ, பழைய சஃபாரி, குவாலிஸ் என்று பின் சக்கரம் இழுக்கிற எல்லா வண்டிக்கும் முறை ஒன்றுதான். பிளக்கின் அளவும், ஆயிலின் அளவும், ஆயிலின் தரமும் வண்டிக்கு வண்டி மாறும். அந்த மூன்றையும் உங்கள் வண்டியின் கையேட்டில் பார்த்து எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது

பின் ஆக்சிலின் நடுவில் பூசணிக்காய் மாதிரி புடைத்திருப்பதுதான் ஹவுசிங். எஞ்சின் பக்கமிருந்து வரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சுற்றுவதை பினியன் என்ற சின்ன கியர் வாங்கி கிரவுன் வீல் என்ற பெரிய கியருக்குக் கொடுக்கிறது. கிரவுன் வீலுடன் சேர்ந்து சுற்றுகிற சின்ன கியர்கள், வளைவில் உள் சக்கரமும் வெளிச் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுழல வழிசெய்கின்றன; இந்த அமைப்பைத்தான் டிஃபரன்ஷியல் என்கிறோம். இதில் பினியனும் கிரவுன் வீலும் சாதாரண கியர் போல ஒன்றன்மேல் ஒன்று உருண்டு மட்டும் போவதில்லை, பல்லோடு பல் தேய்ந்து வழுக்கியும் போகின்றன. அந்த அழுத்தத்தில் சாதாரண ஆயில் படலம் கிழிந்துவிடும். அதனால்தான் ஹவுசிங் ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த மருந்துகள் கலக்கிறார்கள். மூக்கைப் பிடிக்க வைக்கும் அந்த வாடை கந்தகத்தால் வருவது.

ஓடும்போது இந்த இடம் நன்றாகச் சூடாகும். உள்ளே இருக்கும் காற்று விரியும். விரிந்த காற்று வெளியேற ஆக்சில் குழாயின் மேல் ஒரு சின்ன மூச்சுத்துளை வைத்திருப்பார்கள். இதைத்தான் பிரீத்தர் என்கிறோம். இப்போது யோசித்துப் பாருங்கள். நாகர்கோவிலில் இருந்து சுமை ஏற்றிக்கொண்டு வந்த வண்டி, ஹவுசிங் 80 டிகிரி சூட்டில் இருக்கும்போது, சப்பாத்தில் (தரைப்பாலத்தில்) ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் இறங்குகிறது. உள்ளே இருக்கும் காற்று 30 டிகிரிக்குக் குளிர்ந்தால் அதன் கன அளவில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு சுருங்கிவிடும். அந்த வெற்றிடத்தை நிரப்ப வெளியில் இருப்பதை ஹவுசிங் உறிஞ்சும். பிரீத்தர் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரைத்தான் உறிஞ்சும். பிரீத்தர் சேற்றால் அடைபட்டிருந்தால் ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீலின் உதட்டு வழியாக இழுக்கும்.

உள்ளே போன தண்ணீர் ஓடும் வண்டியில் ஆயிலோடு கலங்கும். வண்டி நாலு நாள் சும்மா நின்றால் அடியில் தேங்கும். பேரிங்கில் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கத் தொடங்குவது அப்போதுதான். இரைச்சல் கேட்க ஆரம்பிக்கும்போது பேரிங் ஏற்கெனவே போயிருக்கும்.

எந்த ஆயில், எவ்வளவு

பழைய கையேடுகளில் 'எஸ்ஏஇ 90 இபி' என்று போட்டிருக்கும். இன்று கடையில் அதற்கு இணையாகக் கிடைப்பது 80டபிள்யூ-90, ஜிஎல்-5 தரம். சில வண்டிகளுக்கு 85டபிள்யூ-140 சொல்லியிருப்பார்கள். கையேட்டில் அப்படி இருந்தால் மட்டும் அதை வாங்குங்கள். 'கெட்டியாக இருந்தால் நல்லது' என்று கடைக்காரர் சொன்னதற்காக மாற்ற வேண்டாம். டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதைச் சொல்வது. நம்மூரில் அந்தக் குளிர் ஒரு நாளும் வராது. அதனால் கூடுதல் விலை கொடுத்து 75டபிள்யூ-90 சிந்தெட்டிக் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. என் எண்ணத்தில், விலை உயர்ந்த ஆயிலை நாலு வருடம் வைத்திருப்பதைவிட சாதாரண நல்ல ஆயிலை மழைக்கு மழை மாற்றுவது வண்டிக்கு நல்லது.

ஒரு எச்சரிக்கை. மிச்சம் இருக்கிறதே என்று ஹவுசிங் ஆயிலை கியர் பாக்ஸில் ஊற்றாதீர்கள். பல கியர் பாக்ஸ்களுக்கு ஜிஎல்-4 தான் சொல்லியிருப்பார்கள். உள்ளே கியர் எளிதாக மாற உதவும், பித்தளையில் செய்த சிங்க்ரோ ரிங் இருக்கும். ஜிஎல்-5ல் கூடுதலாக இருக்கும் கந்தக மருந்து அந்தப் பித்தளையை அரிக்கக்கூடும்.

உங்கள் வண்டியில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றாமல் தடுப்பது) இருந்தால் அதற்கென்று தனி ஆயிலோ, சேர்க்க வேண்டிய மருந்தோ உண்டு. பழைய பொலிரோ, சுமோ மாதிரி வண்டிகளில் பெரும்பாலும் சாதாரண டிஃபரன்ஷியல்தான், கவலை இல்லை. அளவு பொதுவாக 1 முதல் 3 லிட்டருக்குள் வரும். கையேட்டில் சொன்னதைவிட அரை லிட்டர் கூடுதலாக வாங்கி வைப்பது என் பழக்கம். கடைசியில் கொஞ்சம் குறைகிறது என்று ஆயில் கையோடு கடைக்கு ஓட வேண்டியிருக்காது.

தேவையான சாமான்கள்

முதலில் வண்டிக்கு அடியில் தலையை விட்டு இரண்டு பிளக்குகளையும் பாருங்கள். ஹவுசிங்கின் பாதி உயரத்தில் இருப்பது ஊற்றுகிற பிளக், அடியில் இருப்பது டிரெயின் பிளக். சிலவற்றில் தலை வெளியே ஆறு முகமாக இருக்கும், அதற்கு ஆறு முனை சாக்கெட் வேண்டும். சிலவற்றில் சதுரக் குழி இருக்கும், அரை அங்குல ராட்செட்டின் முனையே அதில் உட்காரும். சிலவற்றுக்கு ஆலன் சாவி. இது தெரியாமல் கடைக்குப் போய்ப் பயனில்லை.

அதோடு, ராட்செட்டை நீட்ட ஒரு நல்ல இரும்புக் குழாய், துரு தளர்த்தும் ஸ்பிரே, கம்பி பிரஷ், நாலு லிட்டர் பிடிக்கிற அகன்ற தட்டு, பனியன் வேஸ்ட், ரப்பர் கையுறை, பிளக்குகளுக்குப் புதிய வாஷர், ஆயில் ஊற்ற ஒரு கை பம்ப். பம்ப் இல்லாவிட்டால் ஆயில் பாட்டிலின் மூடியில் துளையிட்டு ஒரு முழ நீளத்துக்குக் குழாய் செருகிக்கொள்ளலாம். ஒரு முனையை ஹவுசிங்கில் விட்டு பாட்டிலைப் பிதுக்கினால் வேலை நடக்கும், கை மட்டும் கொஞ்சம் வலிக்கும். செடிக்கு மருந்தடிக்கிற புதிய சின்ன ஸ்பிரேயர் ஒன்றை இதற்கென்றே வைத்திருப்பவர்களும் உண்டு.

பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள். இந்த வாடை துணியில் ஏறினால் துவைத்துப் போகாது.

வண்டியை நிறுத்துவது

இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. வண்டிக்கு அடியில் படுக்கப் போகிறோம்.

உடம்பு நுழையும் அளவுக்கு இடம் இருந்தால் வண்டியைத் தூக்கவே வேண்டாம். நாலு சக்கரமும் சமதரையில் நிற்பதுதான் ஆயில் மட்டத்துக்கும் சரி. எஸ்யூவி உயரத்தில் பெரும்பாலோர் ஒரு சாக்கை விரித்து மல்லாந்து நுழைந்துவிடலாம். தூக்கியே ஆக வேண்டும் என்றால் ஒன்றை மனதில் வையுங்கள். இந்த வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கிறது. இரண்டு பின் சக்கரமும் தரையை விட்டு எழும்பிவிட்டால் ஹேண்ட் பிரேக்கும் பிடிக்காது, கியரில் போட்டிருப்பதும் பிடிக்காது. முன் சக்கரம் தானாக உருளும். ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினாலும் கியரை நம்ப முடியாது, ஏனென்றால் டிஃபரன்ஷியல் வழியாக எழும்பிய சக்கரம் சும்மா சுற்றும். ஆகவே முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டுத்தான் ஜாக்கி வைக்க வேண்டும். தூக்கிய பின் ஆக்சிலுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்ட் வைத்து அதில் வண்டியை இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சொல்லாமல் நொறுங்கும், அவற்றை வைக்கவே கூடாது. அப்புறம், பின்னால் மட்டும் தூக்கிய வண்டியில் ஆயில் மட்டம் சாய்ந்துதான் காட்டும். ஊற்றும்போது வண்டி சமமாக நிற்க வேண்டும்.

தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

பெரும்பாலான வழிமுறைகள் வண்டியை ஓட்டிச் சூடாக்கி விட்டு ஆயிலை இறக்கச் சொல்லும். அது சரிதான். ஆனால் மழை பார்த்த வண்டிக்கு அதற்கு முன் ஒரு சோதனை செய்ய வேண்டும். வண்டியை இரவு முழுவதும் அசையாமல் நிறுத்துங்கள். காலையில் எஞ்சினைத் தொடாமல், ஒரு கண்ணாடி கிளாஸை அடியில் பிடித்துக்கொண்டு டிரெயின் பிளக்கை மட்டும் சொட்டுகிற அளவுக்குத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது, அடியில்தான் இருக்கும். முதல் சொட்டுகளே சொல்லிவிடும். ஆயில் மட்டும் வந்தால் பிளக்கை மறுபடி இறுக்கிவிட்டு, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி வாருங்கள். தண்ணீர் வந்தால் அது முழுதும் இறங்கும்வரை விட்டுவிட்டு, ஆயில் வரத் தொடங்கியதும் இறுக்குங்கள். அதன் பிறகு வண்டியை ஓட்ட வேண்டாம். குளிர்ந்த ஆயில் மெதுவாக இறங்கும், அவ்வளவுதானே. காத்திருக்கலாம்.

இந்தச் சோதனைக்குக்கூட ஒரு நிபந்தனை இருக்கிறது. டிரெயின் பிளக்கில் கை வைக்கும் முன் மேல் பிளக் கழல்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும்.

மேல் பிளக்கை முதலில் கழற்றுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். ஊற்றுகிற பிளக் கழலும் என்று உறுதியான பிறகுதான் டிரெயின் பிளக்கைத் தொட வேண்டும். ஆயிலை இறக்கிவிட்ட பிறகு மேல் பிளக் துரு ஏறிக் கழலவில்லை என்றால் வண்டி முற்றத்தில் நிற்க வேண்டியதுதான். ஆயில் இல்லாமல் ஒர்க்‌ஷாப் வரை ஓட்டவும் முடியாது.

என் வண்டியில் இது நடந்தது. அதற்கு முன் எங்கோ ஒரு சர்வீஸில் அளவு பொருந்தாத ஸ்பேனரைப் போட்டு மேல் பிளக்கின் முனைகளை மழுக்கி வைத்திருந்தார்கள். அது தெரியாமல் நான் கீழே ஆயிலை இறக்கிவிட்டேன். கடைசியில் ஒர்க்‌ஷாப் ஆசான் ஒருவர் வீட்டுக்கு வந்து, பிளக்கின் தலையில் ஒரு நட்டை வெல்டிங் வைத்துக் கழற்றித் தந்தார். இரண்டு நாள் வண்டி நின்றது. மகளின் பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் ஆட்டோதான்.

பிளக்கைச் சுற்றிய சேற்றைக் கம்பி பிரஷால் முழுதும் சுரண்டி எடுங்கள். சதுரக் குழியாக இருந்தால் உள்ளே கல் மாதிரி இறுகிய மண்ணை ஸ்குரூ டிரைவரால் குத்தி வெளியே எடுங்கள். ராட்செட் முனை அடிவரை உட்காராவிட்டால் குழி மழுங்கிவிடும். துரு தளர்த்தும் ஸ்பிரேயை முந்தின நாள் மாலையே அடித்து விட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மீன் ஏற்றும் வண்டிகளில் உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி பிளக்கின் திருகு நூல் முழுதும் இறுகியிருக்கும். அந்த வண்டிக்காரர்கள் இரண்டு நாள் விட்டு விட்டு அடிப்பது நல்லது.

மல்லாந்து படுத்திருக்கும்போது எந்தப் பக்கம் திருப்புவது என்று குழம்பும். பிளக்கின் முகத்தை நேருக்கு நேர் பார்ப்பதாக வைத்துக்கொண்டு கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்த் திசையில் திருப்புங்கள். பிளக்கின் தலையில் சுத்தியலால் இரண்டு மூன்று தட்டுத் தட்டிவிட்டு, குழாயை மாட்டி, வெட்டி இழுக்காமல் சீராக அழுத்துங்கள். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டால் விட்டுக்கொடுத்துவிட்டது என்று பொருள். நெருப்புக் காட்டிக் கழற்றுவது வேண்டாம். பக்கத்தில் ஆயிலும் ரப்பர் சீலும் இருக்கின்றன, மேலே டீசல் குழாய்.

ஆயிலை இறக்குவது, இறங்கிய ஆயிலைப் படிப்பது

மேல் பிளக் கழன்றுவிட்டதா, சரி. தட்டை வைத்து டிரெயின் பிளக்கைக் கழற்றுங்கள். கடைசி நூல் வரை பிளக்கை உள்நோக்கி அழுத்திப் பிடித்துத் திருப்பி, சட்டென்று எடுத்தால் கையில் கொட்டாது. சூடான ஆயில் என்றால் கையுறை இல்லாமல் செய்யாதீர்கள். பதினைந்து இருபது நிமிடம் சொட்டவிடுங்கள்.

அதற்குள் பிளக்கைத் துடைக்காமல் வெளிச்சத்தில் பாருங்கள். பல வண்டிகளில் டிரெயின் பிளக்கின் முனையில் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருக்கும். இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்தால் மை போல வழவழவென்று இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. அது சாதாரணத் தேய்மானம். விரலில் நெருடினால், ஊசி ஊசியாகவோ செதில் செதிலாகவோ மின்னினால், பேரிங்கோ கியரோ உரிந்து வருகிறது. ஒரு பல்லின் துண்டே வந்தால் புது ஆயில் ஊற்றி ஓட்டுவதில் பயனில்லை, திறந்து பார்க்கத்தான் வேண்டும்.

நிறமும் பேசும். தேன் நிறமோ கருத்த நிறமோ இருந்து, பிசுபிசுப்பு இருந்தால் வயதான ஆயில், அவ்வளவே. பால் சாயா நிறமோ, ரப்பர் பால் கலந்தது போன்ற வெளுப்போ இருந்தால் தண்ணீர். நாட்பட்ட நெய் கருகிய மாதிரி வாடை அடித்தால் ஆயில் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. எவ்வளவு ஆயில் இறங்கியது என்று அளந்தும் பாருங்கள். கையேட்டில் சொன்னதைவிட அரை லிட்டர் குறைந்தால் எங்கோ கசிகிறது. பினியன் முனையில், புரொப்பெல்லர் ஷாஃப்ட் சேரும் இடத்தில் ஈரமாக மண் ஒட்டியிருக்கிறதா? பின் சக்கரங்களின் உள்பக்கம் ஆயில் வழிந்த கோடு இருக்கிறதா? சக்கரப் பக்கம் கசிந்தால் அது பிரேக் டிரம்முக்குள் போய் பிரேக்கைக் கெடுக்கும், தள்ளிப் போடக் கூடாது.

சில பழைய ஜீப் வகைகளில் டிரெயின் பிளக்கே இருக்காது. பின்னால் ஒரு இரும்பு மூடியைத்தான் கழற்ற வேண்டும். அடி போல்ட்டுகளை முதலில் கழற்றி, மேல் இரண்டு போல்ட்டை நாலு நூலில் விட்டுவிட்டு, அடிப்பக்கம் ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் ஆயில் தட்டில் விழும். இதில் ஒரு நன்மை, கிரவுன் வீலின் ஒவ்வொரு பல்லையும் கண்ணால் பார்க்கலாம். சக்கரத்தைச் சுற்றச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு முகத்திலும் பழைய பேஸ்ட்டைச் சுரண்டி, பெட்ரோல் நனைத்த துணியால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, அனபாண்ட் மாதிரி சிலிக்கான் பேஸ்ட்டைப் போல்ட் துளைகளின் உள்பக்கமாக அறுபடாத ஒரே கோடாகப் போடுங்கள். போல்ட்டுகளை எதிர் எதிராக இறுக்கி, டியூபில் எழுதிய நேரம்வரை காயவிட்ட பிறகே ஆயில் ஊற்றலாம்.

மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி உள்ளே கழுவுவது நம் பக்கம் பல ஒர்க்‌ஷாப்புகளில் வழக்கம். நான் ஒத்துக்கொள்வதில்லை. அடியிலும் ஆக்சில் குழாய்களிலும் கொஞ்சம் தங்கிவிடும், அது புது ஆயிலை நீர்க்கச் செய்யும். தண்ணீர் கலந்த ஹவுசிங்கைக் கழுவ அதே தரத்தில் விலை குறைந்த ஆயிலை ஊற்றி, 50 முதல் 100 கி.மீ. ஓட்டி, சூட்டோடு இறக்கிவிட்டு, மறுபடி நல்ல ஆயில் ஊற்றுங்கள். செலவு இரட்டிப்பாகும். 2021இல் நான் அப்படித்தான் செய்தேன். இரண்டாவது முறை இறங்கிய ஆயிலிலும் லேசான வெளுப்பு இருந்தது.

புது ஆயில்

டிரெயின் பிளக்கின் காந்தத்தைச் சுத்தமாகத் துடைத்து, புது வாஷர் போட்டு மூடுங்கள். கையால் மூன்று நாலு சுற்று எளிதாக ஏறிய பிறகே ஸ்பேனர். முதல் சுற்றிலேயே முரண்டினால் நூல் மாறி ஏறுகிறது, எடுத்து மறுபடி வையுங்கள். டார்க் ரெஞ்ச் இருந்தால் கையேட்டு அளவுக்கு இறுக்கலாம். இல்லாதவர்கள் சாதாரண நீள ராட்செட்டில் ஒரு கையால் அழுத்தமாக இறுக்கினால் போதும், குழாயை மாட்டி இறுக்க வேண்டாம். வாஷர் இல்லாமல் கூம்பு வடிவில் இருக்கும் பிளக் என்றால் இன்னும் கவனம், அளவுக்கு மீறினால் ஹவுசிங்கே விரிசல் விடும்.

ஆயில் பாட்டிலை அரை மணி நேரம் வெயிலில் வைத்துவிட்டு ஊற்றினால் எளிதாக இறங்கும். குழாயை மேல் துளையில் விட்டு, பம்ப்பை நிதானமாக அழுத்துங்கள். துளையின் கீழ் விளிம்பு வரை ஆயில் நிரம்பி வெளியே வழியத் தொடங்கும். அதுதான் அளவு. பத்து நிமிடம் பொறுங்கள், ஆயில் ஆக்சில் குழாய்களுக்குள் பரவி மட்டம் இறங்கும். மறுபடி வழியும்வரை ஊற்றி, வழிவது நின்று சொட்டாக ஆனதும் மேல் பிளக்கை மூடுங்கள். சில வண்டிகளில் மட்டம் துளைக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும் என்று கையேட்டில் சொல்லியிருப்பார்கள், அதையும் பார்த்துவிடுங்கள். சுண்டுவிரலை மடக்கி உள்ளே விட்டால் மட்டம் தெரிந்துவிடும்.

நிறைய இருந்தால் நல்லதுதானே என்று வண்டியைச் சாய்த்து நிறுத்திக் கூடுதலாக ஊற்றாதீர்கள். கிரவுன் வீல் ஆயிலை அடித்து நுரைக்க வைக்கும். நுரை பிரீத்தர் வழியாகவும் சீல் வழியாகவும் வெளியே வரும்.

மேல் பிளக்கின் நூலில் கொஞ்சம் கிரீஸ் தடவி மூடினால் அடுத்த ஆண்டு கழற்றும்போது வெல்டிங் தேவைப்படாது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்றால் முன் ஹவுசிங்குக்கும், முன் பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் இதே பார்வை வேண்டும். அவற்றுக்கான ஆயில் தரம் வேறாக இருக்கலாம்.

பிரீத்தர்: இதை விட்டால் எல்லாம் வீண்

ஆயில் மாற்றுகிறவர்கள் பலரும் பிரீத்தரைத் தொடுவதே இல்லை. தண்ணீர் வந்த வழியை அப்படியே விட்டுவிட்டு ஆயிலை மட்டும் மாற்றினால் அடுத்த மழையில் மறுபடி அதே கதைதான்.

ஆக்சில் குழாயின் மேல் கட்டைவிரல் நுனி அளவில் ஒரு சின்ன மூடி இருக்கும், அல்லது அங்கிருந்து ஒரு ரப்பர் குழாய் மேலே போகும். மூடி விரலால் திருகினால் சுழல வேண்டும், லேசாக ஏறி இறங்க வேண்டும். சேறு இறுகியிருந்தால் கழற்றி, டீசலில் ஊறவைத்து, ஊதிப் பார்த்துப் போடுங்கள். மண் குளவி இந்தச் சின்னத் துளைகளைத் தேடி வந்து அடைக்கும், நிறுத்தியே வைத்திருக்கும் வண்டியில் இதையும் எதிர்பார்க்கலாம். பிரீத்தர் அடைபட்ட வண்டியில் சூடான காற்று போக வழியில்லாமல் ஆயிலை சீல் வழியாகத் தள்ளும். பினியன் சீலை ஒரு முறை மாற்றி ஆறே மாதத்தில் மறுபடி கசிகிறது என்றால், மூன்றாவது சீல் வாங்கும் முன் பிரீத்தரைப் பாருங்கள்.

தண்ணீரில் அடிக்கடி இறங்கும் வண்டிக்கு பிரீத்தரை உயர்த்திவிடுவது நல்லது. மூடியைக் கழற்றிவிட்டு அதே நூலில் குழாய் மாட்டும் நிப்பிள் ஒன்றைப் போட்டு, டீசல் ஹோஸ் குழாயை கிளிப் போட்டு இறுக்கி, பாடிக்குள் டெயில் லைட் உயரம் வரை கொண்டுபோகலாம். மேல் முனையில் ஒரு சின்ன ஃபில்டரை மாட்டி, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி வளைத்துக் கட்டுங்கள். ஆக்சில், ஸ்பிரிங் பட்டைகளோடு சேர்ந்து ஏறி இறங்கும் என்பதால் குழாயைத் தளர்வாக விட வேண்டும், சைலன்சர் பக்கம் போகக் கூடாது. என் வண்டியில் இதைச் செய்த பிறகுதான் 2023 டிசம்பர் பெருமழை வந்தது. ஜனவரியில் டிரெயின் பிளக்கைத் தளர்த்தியபோது கிளாஸில் விழுந்த முதல் சொட்டே ஆயில்.

பழைய ஆயில்

கழிவு ஆயிலை வேலிக் கட்டைக்கும் தொழுவத்து மரத்துக்கும் கறையான் வராமல் பூசுவது நம்மூரில் பழைய வழக்கம். மழையில் அது கழுவி மண்ணில் இறங்கும். வீட்டுக்கு வீடு கிணறு உள்ள ஊர் இது, அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். சானல் தண்ணீரும் குளத்துக்கும் வயலுக்கும்தான் போய்ச் சேருகிறது. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் பயன்படுத்திய ஆயிலும் அடங்கும். புது ஆயில் வந்த அதே பாட்டில்களில் ஊற்றி மூடி, கழிவு ஆயிலைச் சேகரித்து மறுசுழற்சிக்குக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். தண்ணீர் கலந்த ஆயிலைத் தனிப் பாட்டிலில் வைத்து, அதைச் சொல்லியே கொடுங்கள். ஆயில் துடைத்த வேஸ்ட்டைக் குப்பையோடு எரிக்க வேண்டாம்.

ஓட்டிப் பார்ப்பது

பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து இரண்டு பிளக்கையும் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். மறுநாள் காலை வண்டி குளிர்ந்திருக்கும்போது மேல் பிளக்கைத் திறந்து மட்டத்தை ஒரு முறை சரிபார்த்து மூடுங்கள். ஓட்டும்போது ரேடியோவை நிறுத்திவிட்டு ஜன்னலை ஏற்றிக்கொண்டு கவனியுங்கள். ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது மட்டும் ஊளை கேட்டு, காலை எடுத்ததும் நின்றால் கிரவுன், பினியன் பக்கம் சந்தேகம். வேகத்துக்கு ஏற்ப எப்போதும் உறுமினால் பேரிங். நின்ற வண்டியைக் கிளப்பும்போது 'டங்' என்று ஒரு தட்டு மட்டும் கேட்டால் ஹவுசிங்கைப் பழிக்கும் முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் மூட்டில் இருக்கும் யுஜே கிராஸைக் கையால் ஆட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான்.

தேதி, கிலோமீட்டர், ஆயில் தரம், இரண்டு பிளக்குக்கும் போட்ட சாவியின் அளவு, இறங்கிய ஆயிலின் நிறம் ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டு அறையில் போட்டு வையுங்கள். அடுத்த முறை வண்டி ஹவுசிங் மூழ்கும் அளவு தண்ணீரில் இறங்கினால் ஜனவரி வரை காத்திருக்க வேண்டாம். மறுநாள் காலை கிளாஸை எடுத்துக்கொண்டு அடியில் போங்கள்.